பொருத்தனை முடிந்த நாள்

மூன்று வருஷமாகக் காத்திருந்த வேலை மகனுக்குக் கிடைத்த மறுநாள் காலையில் கவலைப்பட்டுக்கொண்டிருந்த தாய் தென்காசியில் பெர்சிஸ் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெஸ்வினுக்கு மதுரை வங்கி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்ததையும், அவன் அப்பா எபனேசர் குற்றாலத்தில் இருக்கும் தன் பழக்கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் ஆளுக்கொரு ரம்புத்தான் உரித்துக் கொடுத்ததையும் போன வாரப் பகுதியில் பார்த்தாயிற்று. அந்த ஆரவாரத்தில் பெர்சிஸின் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. நாமும்தான்.

மகனுக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கென்ன வருத்தம்? வேலையில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த வேலையோடு சேர்ந்து ஒரு பொருத்தனை முடிந்துபோனதுதான் சிக்கல்.

ஏழு மாசத்துக்கு முன்னால், புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு, அவள் கணவரிடம் சொன்னாள்: "ஜெஸ்வினுக்கு வேலை கிடைக்குத வரைக்கும் நான் தனியாப் படுக்கேன்னு ஆண்டவர்ட்ட பொருத்தனை பண்ணிருக்கேன்."

பொருத்தனை என்பது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. அதில் யாரும் குறுக்கே பேச முடியாது. அவர்கள் சபையில் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக ஒரு வருஷம் கறி மீன் தொடாமல் இருந்தார். இன்னொருத்தி பிள்ளை வரத்துக்காகச் செருப்பில்லாமல் நடந்தாள். சபையிலேயே பிறந்து வளர்ந்த எபனேசருக்கு, மனைவி பொருத்தனை என்று சொன்ன பிறகு ஏன் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. "சரிட்டி" என்றார். அன்றிலிருந்து பெர்சிஸ் சின்ன ரூமில் படுத்தாள்.

உண்மையில் அவள் பொருத்தனை எதுவும் பண்ணவில்லை.

பெர்சிஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாதவிடாய் நின்று மூன்று வருஷம். நின்றதும் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டவள்தான். ஆனால் ஒரு வருஷத்திலேயே கீழே ஒரு வறட்சி தொடங்கியது. முதலில் அரிப்பு, பிறகு எரிச்சல். கணவரோடு இருக்கும்போது சிராய்ப்பின் மேலேயே மறுபடி சிராய்த்த மாதிரி வலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வலியோடு இரண்டு சொட்டு இரத்தமும் பட்டது. அன்றைக்குப் பயந்தவள்தான், ஜனவரி ஒன்றாம் தேதி பொருத்தனையைக் கண்டுபிடித்தாள்.

இந்த வயசில் இதைப் போய் யாரிடம் சொல்வது? சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருபது வருஷம், நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டு நிர்வாகம் பண்ணத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு விஷயத்துக்கு வாய் எழும்பவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எபனேசர் கடைக்குக் கிளம்பும்போது சின்ன ரூம் வாசலில் வந்து நின்றார். புது மாப்பிள்ளை மாதிரி நிலையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

"பொருத்தனை முடிஞ்சிட்டுல்லா?"

"ம்."

"ராத்திரி ஜெபம் முடிஞ்சதும் உன் தலகாணிய நானே எடுத்து அங்கன வச்சிருதேன்."

"என்ன ஜெபம்?"

"அக்கா ஒங்கிட்டச் சொல்லலியா? இப்ப வருவா" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஐம்பத்தாறு வயசு மனுஷர், விசில் வேறு.

அக்கா என்றால் ரத்தினம். எபனேசருக்கு ஐந்து வயது மூத்தவள், சபையில் பெண்கள் சங்கத்துத் தலைவி, நான்கு வருஷத்துக்கு முன் கணவர் ஏசுதாசனை இழந்தவள். தம்பி வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. அவள் வந்தால் முதலில் குரல் வரும், பிறகுதான் ஆள் வருவாள்.

"பெர்சிஸு! சாயந்தரம் ஆறு மணிக்கு ஸ்தோத்திர ஜெபம். போதகரய்யாட்ட சொல்லியாச்சி. நாப்பது பேரு. பன்னும் டீயும் நான் பாத்துக்கிடுதேன்."

"இவ்வளவு அவசரமா எதுக்கு மதினி?"

"நன்றி சொல்லுததுக்கு நாள் பாக்கவா செய்வாவ? அப்புறம், நீதான் சாட்சி சொல்லணும்."

பெர்சிஸ் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நானா?"

"பின்ன? ஏழு மாசம் பொருத்தனை இருந்தவ நீ. என்ன பொருத்தனைன்னு தம்பி சொல்ல மாட்டேங்கான். நீ விவரமெல்லாம் சொல்லாண்டாம். 'ஆண்டவர்ட்ட வாக்குக் கொடுத்தேன், காத்துக்கிட்டேன், அவரும் காத்தாரு'ன்னு நாலு வார்த்த சொல்லு போதும். நம்ம சங்கத்துப் பொம்பளைங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்."

ரத்தினம் போன பிறகு பெர்சிஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ராத்திரிக் கட்டில் ஒரு பக்கம், சாயங்காலச் சாட்சி மறுபக்கம். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கணவரிடம் ஒரு பொய் சொன்னதை, நாற்பது பேர் முன்னால் கடவுளிடமே திருப்பிச் சொல்வதா? அவள் அப்படிப்பட்ட துணிச்சல்காரி இல்லை. ஆறு மணிக்குள் எபனேசரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? தன் உடம்புக்கு என்னவென்று அவளுக்கே தெரியாதே.

எட்டரை மணிக்கு ஜைனப் டாக்டரின் கிளினிக்கில் இருந்தாள்.

தென்காசியில் பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், இவர் சபைக்காரர் இல்லை, இவர் கிளினிக்கில் யாரும் 'ஸ்தோத்திரம்' சொல்லிக் குசலம் விசாரிக்க மாட்டார்கள். டோக்கன் கொடுத்த பெண் வெளியே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி "என்னம்மா பிரச்சன?" என்று கேட்டாள்.

"நீர்க்கடுப்பு" என்றாள் பெர்சிஸ். அது முழுப் பொய்யும் இல்லை.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பெர்சிஸுக்குக் கல்யாணம் நடந்தபோது இந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று பெர்சிஸ் தயங்கினாள். டாக்டர் தயங்கவில்லை.

"நீர்க்கடுப்பு மட்டுந்தானா அக்கா? பீரியட்ஸ் நின்னுட்டா?"

"மூணு வருஷமாச்சி."

"கீழ வறட்சியா இருக்கா? எரிச்சல், அரிப்பு?"

பெர்சிஸ் தலையை ஆட்டினாள்.

"வீட்டுக்காரரோட இருக்கும்போது வலிக்குதா?"

அந்தக் கேள்வியைப் பால் விலை கேட்கிற மாதிரிக் கேட்டதுதான் பெர்சிஸுக்கு வசதியாகப் போயிற்று. மடை திறந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு சொட்டு இரத்தத்தையும் சொன்னாள். பொருத்தனையை மட்டும் சொல்லவில்லை.

"இரத்தம் எப்ப பட்டுச்சி?"

"டிசம்பர்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது ஜூலை. அக்கா, பீரியட்ஸ் நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே வரணும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இருந்தா ஆரம்பத்துலயே பாத்துரலாம்லா? அதுக்குச் சொல்லுதேன்."

பரிசோதனை நடந்தது. பக்கத்து அறையில் ஸ்கேன். கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு சின்னக் குச்சியால் தொட்டு எடுத்து, அதைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். எல்லாம் முடிந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்ததும் பெர்சிஸ் கேட்டாள்:

"புத்துநோயா டாக்டர்?"

"ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்சவ்வு மெல்லிசா இருக்கு. இந்த வயசுல அப்படித்தான் இருக்கணும், நல்லது. அனுப்பிருக்க டெஸ்டு ரிசல்ட்டு வியாழக்கிழம வரும். அதையும் பாத்துட்டாத்தான் முழுசாச் சொல்ல முடியும். ஆனா நான் பாத்த வரைக்கும் ஒங்களுக்கு இருக்குதது யோனி வறட்சி. தோலு மெலிஞ்சி, சிவந்து, காய்ஞ்சி கெடக்கு. அதுல உரசுனா இரத்தம் வரத்தான் செய்யும்."

"உடம்புச் சூடுன்னு நெனச்சேன். வெந்தயம் ஊறப் போட்டுக் குடிச்சேன். வாரத்துக்கு ரெண்டு எண்ணெத் தேச்சிக் குளிச்சேன். அருவியிலயும் குளிச்சிப் பாத்தேன்."

"குளிங்க, நல்லதுதான். ஆனா இது சூடு இல்ல. ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன். அதுதான் அங்க ஈரத்தையும் இழுவையையும் வச்சிருக்கும். பீரியட்ஸ் நின்னா அது கொறைஞ்சிரும். பால் குடுக்குத பொம்பளைங்களுக்கும் இப்படி வரும், கர்ப்பப்பையோட சினைப்பையையும் எடுத்தவங்களுக்கும் வரும். இங்க வருதவங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கு. எல்லாரும் நீர்க்கடுப்புன்னுதான் வருவாங்க."

பெர்சிஸ் வெட்கத்தோடு சிரித்தாள்.

"எதால கழுவுதீங்க?"

"சோப்புத்தான். நல்ல சந்தன சோப்பு. மூணு வேளை. சில நாளு கிருமி போகட்டும்னு அந்தக் காயத்துக்கு ஊத்துத மருந்தும் ரெண்டு மூடி தண்ணில விட்டு…"

டாக்டர் நெற்றியில் கை வைத்தார். "மொதல்ல அத நிறுத்துங்க. சோப்பு, வாசன மருந்து, பவுடர் ஒண்ணும் வேண்டாம். வெறும் தண்ணி, வெளிப்பக்கம் மட்டும். உள்ள கழுவவே வேண்டாம், அது தானாச் சுத்தம் பண்ணிக்கிடும். நீங்க சுத்தம் பண்ணுதேன்னு இருந்த கொஞ்ச ஈரத்தையும் சொரண்டி எடுத்துருக்கீங்க. வேற மாத்திரை எதும் சாப்பிடுதீங்களா?"

"சாரல் ஆரம்பிச்சா எனக்குத் தும்மல் நிக்காது. அதுக்கு ஒரு மாத்திரை தெனமும் போடுவேன்."

"மூக்கக் காய வைக்குத மாத்திரை மூக்கோட நிக்காது. தேவைப்படுத அன்னிக்கு மட்டும் போடுங்க. தெனமும் வேண்டாம்."

பிறகு ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் உள்ளே வைக்கிற ஈரப்பத ஜெல் ஒன்று. அது வீட்டுக்காரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைக்க வேண்டியது, முகத்துக்கு கிரீம் போடுகிற மாதிரி. சேர்ந்து இருக்கும்போது மட்டும் போட வேறொரு வழவழப்பான ஜெல். தேங்காயெண்ணெய் வேண்டாம். வியாழக்கிழமை ரிசல்ட் நல்லபடியாக வந்தால் ஹார்மோன் கிரீம் எழுதித் தருவதாகவும், அது ரொம்பக் கொஞ்ச அளவு, அந்த இடத்தோடு நின்றுவிடும் என்றும் சொன்னார். மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் யோசித்துத்தான் தருவாராம். பெர்சிஸுக்கு அப்படி எதுவும் இல்லை.

"இதெல்லாம் சரியாப் போகுமா டாக்டர்?"

"போகும். ஒரே நாள்ல போகாது, ரெண்டு மூணு மாசம் ஆகும். நிறுத்துனா திரும்ப வரும். அதனால விடாமப் போடணும். அப்புறம், வீட்டுக்காரர்ட்ட சொன்னீங்களா? அவசரப்படாம, ஒங்களுக்கு ஏத்த மாதிரி நேரம் எடுக்கணும்னு அவருக்குத் தெரியணும்லா. அவர்ட்ட சொல்லாம எந்த ஜெல்லும் பாதி வேலதான் செய்யும்."

பெர்சிஸ் எழுந்தாள். கிளினிக்கோடு இருந்த மருந்துக்கடையில் இரண்டு டியூபையும் பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. சீசன் சனிக்கிழமை. தலையில் எண்ணெய் வழிய வழிய ஒரு கூட்டம் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ் இலஞ்சியைத் தாண்டியதும் சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. பெர்சிஸுக்கு இரண்டு தும்மல் வந்தது. மாத்திரை போடவில்லை.

எபனேசரின் கடையில் ஈரத்துண்டோடு பத்துப் பேர் நின்றார்கள். மங்குஸ்தான் கூடை பாதி காலியாகியிருந்தது. கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் நாறும்பூநாதன் ஒரு கையில் தராசும் மறு கையில் குரங்கு விரட்டும் கம்புமாக நின்றார்.

"வாங்கம்மா! தம்பிக்கு வேல கெடச்சிட்டுல்லா, எனக்கு பிரியாணி எப்ப?"

"வரும் அண்ணாச்சி. அவங்க எங்க?"

எபனேசர் கல்லாவிலிருந்து தலையை நீட்டினார். முகமெல்லாம் பல். "என்னட்டி, இவ்வளவு தூரம்? பழம் எடுக்க வந்தியா?"

"ஒங்ககிட்டப் பேசணும். பின்னால வாங்க."

பின்னால் என்பது பலாப்பழமும் தட்டுப்பெட்டிகளும் அடுக்கி வைத்த ஒரு தகர அறை. நிற்க இரண்டு பேருக்கு இடம். தகரத்தில் சாரல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெர்சிஸ் கறுப்புப் பையை ஒரு பெட்டி மேல் வைத்தாள். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தாள். நான்கும் மறந்துபோனது.

"நான் பொருத்தனை ஒண்ணும் பண்ணல."

"என்னது?"

"ஜெஸ்வினுக்காக ஒண்ணும் பண்ணல. எனக்கு வலிச்சிது. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்."

"எங்கன வலிச்சிது?"

சொன்னாள். வறட்சி, எரிச்சல், இரத்தம், காலையில் டாக்டர் சொன்னது, வியாழக்கிழமை வரவேண்டிய ரிசல்ட், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். எபனேசர் முதலில் பயந்தார். "இரத்தமா? ஏட்டி, டாக்டரு என்ன சொன்னாவ, ஒண்ணும் பயமில்லல்லா?" என்று அவள் தோளைப் பிடித்தார். பெரும்பாலும் இருக்காது என்று சொன்னாள். பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது. கை தோளிலிருந்து இறங்கியது.

"அண்ணாச்சி!" வெளியே நாறும்பூநாதனின் குரல். "ரம்புத்தான் மொத்தமாக் கேக்காவ, என்ன சொல்ல?"

"நீரே ஒரு வெலயச் சொல்லும்!" என்று கத்தினார் எபனேசர். அப்புறம் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி: "அதுக்கு முந்தி ஒரு வருஷமா நான் கிட்ட வந்தாலே மூஞ்சத் திருப்புவியே. அதுவும் இதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பலாப்பழத்துலயே கெடந்து எம்மேல நாத்தம் அடிக்குன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அந்த சந்தன சோப்ப வாங்கிப் போட்டேன். கடைலயிருந்து வந்ததும் ஒரு குளி, படுக்கப் போகும்போது ஒரு குளி."

"அந்த சோப்பப் போட்டுத்தான் நானும் மூணு வேளை கழுவுனேன். டாக்டரு மொதல்ல அதத்தான் தூரப் போடச் சொன்னாவ."

பெர்சிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிப்பார் என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வெக்கம். சரி. ஆனா ஆண்டவரக் கூட்டிட்டு வந்து ரூம்பு வாசல்ல காவலுக்கு நிறுத்த வெக்கம் இல்லல்லா?"

"என்னங்க…"

"ஏழு மாசமா நானும் ஒன் பொருத்தனைக்காக ஜெபம் பண்ணேன்ட்டி. இவளே பிள்ளைக்காக இவ்வளவு பண்ணுதாளே, நான் ஒண்ணும் பண்ணலியேன்னு வெள்ளிக்கிழம தோறும் பட்டினி கெடந்தேன். ஒனக்குத் தெரியாது. சொல்லல."

அது அவளுக்குத் தெரியாதுதான். வெள்ளிக்கிழமை மதியம் கடையிலேயே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி அவர் சோற்றுவாளி எடுத்துப் போகாததை அவள் கேட்டதும் இல்லை.

"நீ வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் தொடுவேனா? அப்படிப்பட்டவனா நான்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போ. வீட்டுக்குப் போ. யாவாரம் நடக்குத நேரம்."

பெர்சிஸ் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு பாரம் இறங்கி, அதைவிடக் கனமான ஒன்று ஏறியிருந்தது. அவர் நல்லவர் என்பதுதான் அந்தக் கனம். கெட்டவராக இருந்திருந்தால் பொய்க்காவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலில் பாய் விரித்து நாற்பது பேர். எபனேசர் ஐந்தரைக்கே வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். பெர்சிஸைப் பார்க்கவில்லை. ஜெஸ்வின் போதகர் பக்கத்தில் தலைகுனிந்து, கல்யாண மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தான்.

பாட்டு முடிந்தது. வேத வாசிப்பு முடிந்தது. "இப்ப நம்ம சகோதரி பெர்சிஸ் சாட்சி சொல்லுவாங்க" என்றார் போதகர். ரத்தினம் பின்னாலிருந்து அவள் முதுகில் லேசாகத் தட்டினாள்.

பெர்சிஸ் எழுந்தாள். உடம்பு சரியில்லை, பேச முடியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏழு மாசமாகத் தப்பித்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் பொருத்தனை பண்ணேன்னு எங்க வீட்ல சொன்னது பொய்" என்றாள்.

விசிறிகள் நின்றன.

"எனக்கு உடம்புல ஒரு கஷ்டம். மாதவிடாய் நின்னதுக்குப் பொறவு நம்ம பொம்பளைங்களுக்கு வருத கஷ்டம். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அத எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்ல வெக்கப்பட்டு, ஆண்டவர் பேரச் சொல்லி மறச்சேன். இன்னிக்குத்தான் டாக்டரப் பாத்தேன். இதுக்கு மருந்து இருக்கு. நான் ஏழு மாசம் சும்மா பயந்துட்டே இருந்துட்டேன். பிள்ளைக்கு வேல கெடச்சது ஆண்டவர் கிருபையும் அவன் படிப்பும். அதுல என் பொருத்தனைக்கு ஒரு பங்கும் இல்ல. எங்க வீட்டுக்காரர்ட்ட நான் மன்னிப்புக் கேக்கேன்."

உட்கார்ந்துவிட்டாள். ஜெஸ்வின் பாயில் இருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். போதகர் தொண்டையைச் செருமி, "ஆண்டவர் சகோதரிக்குச் சுகம் தருவாராக" என்று சொல்லி, நீளமான ஒரு பாட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார்கள்.

ஜெபம் முடிந்து பன்னும் டீயும் சுற்றத் தொடங்கியது. ரத்தினம் பெர்சிஸின் மணிக்கட்டைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். வசவு விழப்போகிறது என்று பெர்சிஸ் தயாரானாள்.

"எந்த டாக்டரு?" என்றாள் ரத்தினம்.

"என்ன மதினி?"

"ஏட்டி, எந்த டாக்டருன்னு கேக்கேன். எனக்கு ஒண்ணுக்குப் போனாலே எரியும். பதிமூணு வருஷமா."

இவ்வளவு மெதுவாக ரத்தினம் பேசி பெர்சிஸ் கேட்டதில்லை.

"ஜைனப் டாக்டர். வியாழக்கிழம நான் போவேன். வாங்க, சேந்து போவோம்."

"இவளுக்கு இனி அது எதுக்கு, வீட்டுக்காரரே போயிட்டாருன்னு நெனைக்கியா?"

"இல்ல மதினி. எரிச்சலுக்கும் அதே மருந்துதான். வீட்டுக்காரர் இருந்தாலும் இல்லாட்டாலும் போடணும்னுதான் டாக்டரு சொன்னாவ."

ரத்தினம் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அண்ணன் சாகுததுக்கு முந்தி ஒம்பது வருஷம் நாங்க வேற வேற ரூம்பு. நான் பொருத்தனையும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. கிட்ட வந்தா வெடுக்குன்னு விழுவேன். அவர நான் வெறுத்துட்டேன்னு நெனச்சிட்டே போய்ச் சேந்துட்டாரு. வலிக்குன்னு சொல்லத் தெரியல பெர்சிஸு. நாளாக நாளாக எனக்கே அவரப் பிடிக்கலன்னு நம்பிட்டேன்."

பெர்சிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். சங்கத்துத் தலைவி கொஞ்ச நேரம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தம்பிட்ட நீ சொல்லிரு. அவன் தெரிஞ்சிக்கிடணும். எனக்கு வாய் வராது."

எபனேசர் முற்றத்தில் டீத் தட்டோடு நின்றார். கடைசி ஆள் டம்ளர் எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் பெர்சிஸ் பக்கத்தில் போய் நின்றாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழம ரிசல்ட்டு வருது. நீங்களும் வரணும்" என்றாள்.

அவர் தட்டில் சிந்தியிருந்த டீயை விரலால் வழித்தார்.

"மதினியும் வாராங்க."

"அக்காவா? அவளுக்கு என்ன?"

"எனக்கு இருக்குததுதான். பதிமூணு வருஷமா. ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

அவர் நிமிர்ந்து அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். அங்கே ரத்தினம் முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். எபனேசர் கணக்குப் போடுவது பெர்சிஸுக்குத் தெரிந்தது. பதிமூன்று வருஷம். அத்தான் போய் நான்கு.

"ஆஸ்பத்திரில கடைசி வாரம் அத்தான் எங்கையப் பிடிச்சிட்டு ஒண்ணு கேட்டாரு" என்றார் மெல்ல. "ஒங்கக்காவுக்கு என்னப் பிடிக்காமப் போனது எதுனாலடே, நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. அவர் போனதுக்குப் பொறவு ஒரு வருஷம் அக்கா மூஞ்சப் பாத்து நான் சரியாப் பேசல. இவ்வளவு நல்ல மனுஷன இப்படி வச்சிருந்தாளேன்னு."

பெர்சிஸ் தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தானுக்கு யாரும் சொல்லலியே, பெர்சிஸ்."

பிறகு அவர் தட்டை அவளிடம் விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"வியாழக்கிழம எத்தன மணிக்குப் போணும்?"